டெங் மாம்பழம் நறுக்கிய நாட்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு கரண்டிதான் பிடித்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றும் குழப்பம்தான். என் மருமகள் வித்யா இதைப் பிழை திருத்தி, கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகும் பிழை இருந்தால் என்னைத்தான் திட்ட வேண்டும், அவளை அல்ல.

எழுதச் சொன்னவன் பிரவீண். எங்கள் முதலாளி சம்பத் சார், ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியில் நான் வேலை பார்த்த சமையல்கூடத்துக்கு அடுத்ததாக, டல்லாஸ் பக்கத்துப் பிளானோவில் இரண்டாவது சமையல்கூடம் திறந்திருக்கிறார். அங்கே சூப்பர்வைசராக வந்திருக்கும் பையன்தான் பிரவீண். அங்கும் தாய்லாந்துப் பெண்கள் சிலர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவர் அடுப்புக்கு மேலும் ஒரு டேப்லெட் மாட்டி, ஒரு வேலை முடிந்ததும் விரலால் தொட்டு டிக் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். போன மாதம் எனக்குப் போன் செய்தான்.

“அங்கிள், ஒருத்தரும் டிக் போட மாட்டேங்கறாங்க. வேலை எல்லாம் பக்காவா முடிஞ்சிருக்கு. ஸ்கிரீன்ல மட்டும் எல்லாமே ரெட்டா இருக்கு. கேட்டா சிரிக்கிறாங்க. நீங்க கேட்டில எப்டி மேனேஜ் பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலப்பா.”

“ஐயோ அங்கிள், ரொம்ப ஹம்பிளா பேசாதீங்க. ஒரு வாய்ஸ் நோட்டாவது போடுங்க.”

போனைப் பார்த்துத் தனியாகப் பேசுவது எனக்கு ஆகாது. ஆள் எதிரில் இருந்தாலே எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னது பணிவு இல்லை, உண்மை. அது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாண சமையலில் தேங்காய் துருவுவதில் ஆரம்பித்து, சாம்பார் அண்டாவுக்கு உயர்ந்து, பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவில் இரண்டாம் ஆளாக இருந்தேன். அக்கா இங்கே ஹூஸ்டனில் இருந்தாள். அவள் எங்களுக்கு கிரீன் கார்டு போட்டு, அது வருவதற்குள் எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனைவியோடும் மகனோடும் வந்து இறங்கி, இரண்டு மூன்று ஓட்டல்களில் தோசை ஊற்றினேன். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் தோசைக்கல் ஒரே சூடுதான்.

சம்பத் சார் கோபிச்செட்டிபாளையம். பல வருஷம் ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். கேட்டியில் ஒரு வரிசைக் கடைக் கட்டடத்தில், தாய்லாந்துத் தம்பதி நடத்தி வந்த சாப்பாட்டுக் கடையை வாங்கினார். அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். சமையல்காரப் பெண்கள் மூன்று பேரும் கடையோடு இங்கேயே தங்கிவிட்டார்கள். சம்பத் சார் அந்தக் கடையை ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடமாக மாற்றினார். ஒரு பக்கம் தாய்லாந்துச் சமையல், ஒரு பக்கம் நம் சமையல். நம் பக்கத்துக்கு என்னைக் கூப்பிட்டார். கூடவே ஒரு பதவியும் கொடுத்தார்.

“மணியண்ணா, நீங்கதானுங்ணா சூப்பர்வைசர். ரெண்டு பக்கமும் பாத்துக்கோணும்.”

“சார், எனக்கு இங்கிலீஷ் வராதுங்க. ஆளுகள வேலை ஏவித்தான் பழக்கமே இல்லீங்க.”

“அதெல்லாம் வேண்டியதில்லீங்ணா. ஒரே ஒரு விஷயம். எந்த வேலையா இருந்தாலும் அதுக்கு ஒரு பேரு போட்டுரணும். இது ஆரு வேலை? இன்னாரு வேலை. பேரு இல்லாத வேலை உருப்படாது.”

சம்பத் சார் எப்போதும் இப்படித்தான். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நடப்பார். காதில் ஒரு கருவி மாட்டியிருப்பார். நம்மிடம் பேசுகிறாரா போனில் பேசுகிறாரா என்று தெரியாது. ஆனால் நல்ல மனசு. என் மகன் படிப்பு முடித்து வேலை தேடியபோது அவனை உட்காரவைத்து, இன்டர்வியூவில் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு ஞாயிறு முழுவதும் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று பேரில் மூத்தவர் நொய். என்னைவிட ஓரிரு வயது பெரியவர். அடுத்தவள் டெங், நாற்பதை ஒட்டியவள். கடைசி லேக். இவை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர்கள். அவர்கள் ஊரில் ஆபீசில்கூட செல்லப்பெயர்தானாம். வயதில் மூத்தவர் என்றால் அந்தப் பெயருக்கு முன்னால் அண்ணன், அக்கா என்ற பொருளில் ஒரு சொல் சேர்ப்பார்கள். ‘பீ’ என்ற அந்தச் சொல் நம் காதுக்கு அவ்வளவு நன்றாக இருக்காது. டெங்கும் லேக்கும் என்னை அப்படிக் கூப்பிட்டபோது நான் முகம் சுளித்ததைப் பார்த்து, “உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?” என்று நொய் கேட்டார். ‘அண்ணா’ என்றேன். அன்று முதல் மூன்று பேருக்கும், என்னைவிட மூத்த நொய்க்கும்கூட, நான் மணியண்ணா. அவர் எனக்கு நொய் அக்கா. அவர்கள் பேசியது அரைகுறை இங்கிலீஷ். என்னுடையதும் அதே. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது. இங்கே அவர்கள் பேச்சை நம் மொழியிலேயே எழுதுகிறேன்.

முதல் வாரம் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றேன். சூப்பர்வைசர் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நொய் அக்கா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்கார்ந்ததும் துளசிபோல வாசம் வரும் இலைக்கட்டு ஒன்றை மடியில் வைத்தார். ஆய்ந்து கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். தாய்லாந்துப் பகுதியில் நான் செய்த மேற்பார்வை பெரும்பாலும் அதுதான்.

உட்கார்ந்து இலை ஆயும்போதுதான் அவர்கள் வேலை செய்யும் விதம் கண்ணுக்குத் தெரிந்தது. நொய் அக்கா காலையில் வந்ததும் செருப்பை மாற்றிக்கொள்வார். சுவரில் உள்ள சின்னச் சாமி மாடத்தில் சிவப்பு சோடா பாட்டிலைத் திறந்து, உறிஞ்சு குழாய் போட்டு வைத்துக் கும்பிடுவார். பிறகு பற்றவைக்காத அடுப்பின் முன்னால், காலி வாணலிக்கு எதிரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கை மட்டும் அசையும். எண்ணெய், பூண்டு, நூடுல்ஸ், ஒரு புரட்டல், சாஸ், மறு புரட்டல். அன்றைய ஆர்டரை முழுக்க ஒருமுறை வெறுங்கையால் சமைத்து முடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். முதல்முறை பார்த்தபோது உடம்புக்கு ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுபோனேன். லேக் சிரித்துவிட்டாள். “அக்கா மனசுக்குள்ளே தீய்ச்சுடுவாங்க. அப்புறம் அடுப்புல தீயாது.”

லேக் நறுக்கும்போது தன்னோடு தானே பேசுவாள். மெதுவா, மெதுவா என்று தங்கள் மொழியில் கத்திக்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டே இருப்பாள். கோபம் வந்த நாளில் அந்தச் சொல் அதிகமாக வரும்.

டெங் செய்வது இன்னொன்று. காலையில் வரும்போது ஒரு மாம்பழம் கொண்டுவருவாள். இங்கே வசந்த காலத்திலிருந்து மெக்சிகோ மாம்பழம் கிடைக்கும், மஞ்சளாக, சப்பையாக இருக்கும் ரகம். அது இல்லாத மாதங்களில் வேறு ஏதாவது பழம். அதை ஃபிரிட்ஜில் தன் தட்டில் வைத்துவிடுவாள். அன்று என்ன ஒன்றைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று அவளே மனதுக்குள் முடிவு செய்துகொள்வாள். நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. அல்லது எல்லா டப்பாவிலும் எலுமிச்சைத் துண்டு ஒரே பக்கம் இருக்க வேண்டும். மதிய வேலை முடிந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, நினைத்தபடி செய்திருந்தால் மாம்பழம் முழுவதையும் அவளே தின்பாள். யாருக்கும் ஒரு துண்டு தரமாட்டாள். செய்யவில்லை என்று அவள் மனதுக்குப் பட்டால் நறுக்கி எங்கள் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இது புரியாத நாளில் நான் நன்றி சொன்னேன். நொய் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மணியண்ணா, நன்றி சொல்லாதீங்க. அவ இன்னிக்கு ஃபெயில்.”

“என்ன தப்பு பண்ணினா?”

“யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும்.”

கல்யாண சமையலில் எங்கள் மாஸ்டர் கத்துவது மண்டப வாசல் வரைக்கும் கேட்கும். உப்பு கூடினால் யார் போட்டது என்ற விசாரணை நடக்கும். போட்டவன் ஒருவன், வாங்கிக் கட்டிக்கொள்பவன் இன்னொருவன். நானும் அப்படித்தான் பழகியவன். ஒருநாள் லேக் வடித்த சாதம் குழைந்திருந்தது. சூப்பர்வைசர் ஆயிற்றே என்று தைரியம் வரவழைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும், “லேக், சாதம் குழைஞ்சு போச்சு” என்றேன். அவள் பளிச்சென்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. தப்பையும் செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று நினைத்தேன். மறுநாள் நான் வருவதற்குள் அவள் வந்து, மூன்று விதமாகத் தண்ணீர் வைத்து மூன்று சின்னப் பாத்திரத்தில் சாதம் வடித்துப் பார்த்து, பாத்திரங்களைக் கழுவியும் வைத்துவிட்டாள். நொய் அக்கா என்னைக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

“மணியண்ணா, அவ சிரிச்சது வெட்கம். அழுகையை அப்படித்தான் மறைப்போம். சாதம் குழைஞ்சது அவளுக்கு முதல்லயே தெரியும். நீங்க சொல்லணும்னா தனியா சொல்லுங்க. இல்லைன்னா ஒரு நாள் பொறுங்க, அவளே சரி பண்ணிடுவா.”

அதற்குப் பிறகு நான் பொறுக்கக் கற்றுக்கொண்டேன். கூச்சக்காரனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. தாய்லாந்துக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது இந்த மூன்று பேரைத்தான். இவர்களுக்கு மேய்க்க ஆள் வேண்டாம். ஆளுக்கொரு மாஸ்டர் அவரவர் மண்டைக்குள்ளேயே இருந்தார், கத்தாத மாஸ்டர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு பெரிய ஆர்டர் நாளில் அது தெரிந்தது.

தாய்லாந்துப் பகுதியில் ஒரு வழக்கம். அனுப்பத் தகுதியில்லாத டப்பாவைப் பின்கதவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டீல் அலமாரியில் மூடியைத் திறந்து வைத்துவிடுவார்கள். மூடி திறந்திருந்தால் அது போகாது, பிற்பாடு நாங்கள் சாப்பிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எழுதி ஒட்டியதும் இல்லை. பார்த்துப் பார்த்து நானும் தெரிந்துகொண்டேன். சமையல்கூடத்துக்குள் அதிகம் வராத சம்பத் சாருக்கு மட்டும் தெரியாது.

ஃப்ரீவே ஓரத்தில் ஒரு பெரிய ஆபீஸ். எங்களுக்கு வந்த ஆர்டரில் பாதி அவர்களுடையது. தாய்லாந்துப் பக்கத்துக்கு என்றால் முக்கால்வாசி. அங்கே சாப்பாட்டு ஏற்பாடுகளைப் பார்ப்பவர் கீதா மேடம், சென்னைக்காரர். அந்த ஆபீசில் ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துகள் வாயில் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடுமாம். அவர் டப்பாவுக்கு மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம்.

அன்று டெங் அந்த ஸ்டிக்கர் டப்பாவை நிரப்பிவிட்டுப் பார்த்தபோது, பக்கத்து டப்பாவுக்குத் தூவிய கடலைத்தூள் இதிலும் விழுந்திருக்கிறது. உடனே அதை எடுத்து அலமாரியில் மூடி திறந்து வைத்துவிட்டு, வாணலியைக் கழுவி, வேறு டப்பாவுக்குப் புதிதாகச் சமைக்க ஆரம்பித்தாள். அன்று பார்த்து டிரைவர் வரவில்லை. சம்பத் சாரே காரை எடுத்து வந்தார். காதில் யாருடனோ பேசிக்கொண்டே டப்பாக்களைக் கணக்குப் பார்த்தார். ஒன்று குறைந்தது. சுற்றிப் பார்த்தார். அலமாரியில் சிவப்பு ஸ்டிக்கரோடு ஒரு டப்பா. மூடியை அழுத்தி மூடினார். எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அடுப்பைப் பார்த்து நின்றதால் அவர் எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை.

டெங் புது டப்பாவோடு திரும்பினாள். அலமாரி காலி. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன்.

“மணியண்ணா, போன்!”

சம்பத் சாருக்கு அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. டெங் காத்திருக்கவில்லை. ஏப்ரனை அவிழ்த்தாள். நொய் அக்காவிடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். நொய் அக்கா இரண்டு அடுப்புக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். லேக் தன் கார் சாவியை டெங்குக்குத் தூக்கிப் போட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை, போகட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. புது டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டெங் அந்தப் பழைய காரை, ஃப்ரீவேக்குப் போகும் ஃபீடர் ரோட்டில் திருப்பியதைப் பின்கதவு வழியாகப் பார்த்தேன். என் கல்லில் ஒரு தோசை கருகியது. நான் ஆபீஸ் நம்பரைத் தேடி அடித்தேன். அது ஒரு மெஷினுக்குப் போய், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றது.

அவள் திரும்பி வந்து பெருவிரலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. சாப்பாட்டு ஹாலில் அந்த மனிதர் டப்பாவோடு உட்காரப் போகும்போது, ஓடிப்போய்க் கையிலிருந்தே வாங்கிவிட்டாளாம். டெங் கையைக் கழுவிக்கொண்டு மறுபடி அடுப்பில் நின்றாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். டெங் ஃபிரிட்ஜைத் திறந்து மாம்பழத்தை எடுத்தாள். இன்று முழுசாகத் தின்பாள், தின்னட்டும் என்று நினைத்தேன். அவள் கத்தியை எடுத்து நறுக்கி எங்கள் தட்டுகளில் வைத்தாள்.

“ஏம்மா? இன்னிக்கு நீ ஒரு உசுரக் காப்பாத்தியிருக்க!”

“மணியண்ணா, மூடி திறந்து வைக்கறது எங்க வழக்கம். முதலாளிக்கு எப்படித் தெரியும்? நான் ஸ்டிக்கரைக் கிழிச்சிருக்கணும். வேலை முடியலை.”

அந்தத் துண்டு என் தொண்டையில் இறங்குவதற்குள் சம்பத் சார் வந்துவிட்டார். சாவி சுற்றவில்லை. கீதா மேடம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். உங்கள் கிச்சனிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, கடலை இருக்கிறது என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் டப்பாவைப் பிடுங்கினாள். உங்கள் டப்பாவை நம்பலாமா வேண்டாமா? யார் தப்பு, என்ன நடவடிக்கை, இன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்.

சம்பத் சார் மூன்று பேரையும் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். கடலை போட்ட டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியது யார்? அனுப்பியது யார்?

மூன்று பேரும் சிரித்தார்கள்.

“பாருங்ணா, பாருங்ணா! ஒரு ஆளு செத்திருப்பான். சிரிக்கிறாங்கொ!” என்றார் என்னிடம். “எனக்கு ஒரு பேரு வேணும். அந்த ஆளை வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு நான் கீதா மேடத்துக்குச் சொல்லோணும். இல்லாட்டி ஆர்டரே போயிரும். ஆர்டர் போனா இந்தப் பக்கத்த மூடோணும், அப்புறம் மூணு பேருக்கும் வேலை இல்லை. நீங்கதான சூப்பர்வைசர்? ஒரு பேரு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு முன்பக்க அறைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதை மூன்று பேருக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டு நொய் அக்காவைப் பார்த்தேன். “அக்கா, டப்பாவை எடுத்தது அவர்தான்னு ஏன் சொல்லல?”

“முதலாளி முகம், மணியண்ணா. அதை உடைக்கிற வேலை எங்க வாய்க்கு இல்லை.”

டெங் அதற்குள் தன் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அதே சிரிப்பு. “பரவாயில்லை. என் பேரைச் சொல்லுங்க. ஓடினது நான்தானே. லேக்கும் அக்காவும் இருக்கட்டும்.” அவளுக்கு ஊரில் அம்மா, இங்கே கல்லூரியில் சேரப்போகும் மகள். இது எனக்குத் தெரியும். சம்பத் சாருக்குத் தெரியாது. அவள் சொல்லவும் மாட்டாள்.

அன்றுதான் அந்த ஓட்டை எனக்கு முழுசாகத் தெரிந்தது. அவரவர் பாரத்தை அவரவர் தூக்கிக்கொள்வார்கள். அடுத்தவர் பாரம் தன் தலையில் விழுந்தாலும், இது என்னுடையது இல்லை என்று இறக்கிவைக்க அவர்களுக்குத் தெரியாது. இறக்கிவைக்க வேறு ஒரு கை வேண்டும். முதலாளியின் மொழி தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். நானோ, கல்யாண வீட்டில் சம்பளம் கேட்கக்கூட மாஸ்டர் பின்னால் நின்றவன்.

நொய் அக்காபோல ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றேன். கதவைத் தட்டுவது, சொல்வது, அவர் கத்துவது எல்லாவற்றையும் மனதுக்குள்ளே ஒருமுறை நடத்திப் பார்த்தேன். பிறகு போனேன்.

“சார், ஒரு நிமிஷம் பின்னாடி வாங்க.”

“பேரு தெரிஞ்சுதா?”

“வாங்க சார்.”

பின்கதவு அலமாரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து அதில் வைத்தேன்.

“சார், இங்க ஒரு வழக்கமுங்க. மூடி தொறந்து இந்த எடத்துல இருந்தா, அந்த டப்பா போகக்கூடாதுன்னு அர்த்தமுங்க. எங்க நாலு பேத்துக்கும் தெரியும். உங்களுக்கு நாங்க சொல்லவே இல்லீங்க. இன்னிக்கு டெங் அந்த ஸ்டிக்கர் டப்பாவை இப்படித்தான் வெச்சிருந்தாங்க. புதுசு ஒண்ணு பண்ணிக்கிட்டு இருந்தாங்க.”

சம்பத் சார் டப்பாவையே பார்த்தார். கையை நீட்டி அதன் மூடியை அழுத்தி மூடினார். மத்தியானம் செய்த அதே மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் கை அப்படியே நின்றது.

“மூடுனது நானுங்களா?”

“ஆமாங்க சார்.”

“இவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல? சிரிச்சாங்க?”

“அது சிரிப்பு இல்லீங்க சார்.” லேக் சாதம் குழைந்த கதையைச் சொன்னேன். மாம்பழக் கதையையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்.

பிறகு அங்கேயே நின்று, கீதா மேடத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

“மேடம், பேரு கேட்டீங்கள்ல? என் பேரை எழுதிக்குங்க. அனுப்பக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச டப்பாவை நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஓடி வந்த பொண்ணு என் தப்பைச் சரி பண்ணத்தான் வந்துச்சு.”

“சம்பத், நீங்க டெலிவரி பண்ணீங்களா? அப்ப நடவடிக்கை ரொம்ப சிம்பிள். இனிமே நீங்க டப்பாவைத் தொடாதீங்க,” என்றார் கீதா மேடம். “அந்த லேடியோட பேர் என்ன? அவங்க கையால வந்தா நான் சாப்பாடு வாங்கறேன். ஸ்டிக்கர் டப்பா மட்டும் தனி டேபிள்ல பேக் பண்ணுங்க. ஓகேவா?”

நான் திரும்பி உள்ளே ஓடினேன். டெங் சுற்றிய கத்தியைக் கையிலிருந்து வாங்கி, துணியைப் பிரித்து, அதன் இடத்தில் மாட்டினேன். அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. லேக் அன்றுதான் நிஜமாகச் சிரித்தாள். இரண்டு சிரிப்புக்கும் வித்தியாசம் அதற்குள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை சம்பத் சார் எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். மேசைமேல் ஒரு பெட்டி, அட்டைப்பெட்டி முழுக்க மாம்பழம். கத்தியும் தட்டும் பக்கத்தில். ஆபீஸ் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, கோணல்மாணலாக நறுக்கிக்கொண்டிருந்தார். டெங் வாசலிலேயே நின்றுவிட்டாள். நொய் அக்கா பெட்டியைப் பார்த்தார், சம்பத் சாரைப் பார்த்தார்.

“முதலாளி, பெரிய தப்பு, பெரிய பெட்டி!”

சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சம்பத் சாரும் சிரித்தார். அவர் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை என்பதை டெங் கவனித்தாள். அன்று முதல் அவரையும் எங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அனுப்பாத டப்பாவிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்துவிடுவது என்ற புது வழக்கமும் அன்றுதான் தொடங்கியது. கிழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. சம்பத் சார் அதற்குப் பிறகும் எல்லா வேலைக்கும் பெயர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தப்புக்குப் பெயர் கேட்டதை நான் பார்க்கவில்லை.

முழங்கால் வலி வந்து, மகன் ‘போதும்பா’ என்று சொல்லி, இந்த வருஷம் நான் வேலையை விட்டேன். கடைசி நாளில் டெங் ஒரு முழு மாம்பழத்தை என் கையில் வைத்தாள். நறுக்காமல். பின்கதவுக்கு வெளியே உள்ள கட்டைச்சுவர்மேல் உட்கார்ந்து, தோலோடு கடித்துத் தின்றேன். மூன்று பேரும் எதிரில் நின்று பார்த்தார்கள். யாரும் பங்கு கேட்கவில்லை.

பிரவீண், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில் எங்கேயாவது இருக்கும். எனக்குத் தனியாக எடுத்துச் சொல்லத் தெரியாது. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார். இலை கொடுத்தால் ஆய்ந்து கொடு. அவர்கள் வாயால் சொல்ல முடியாத ஒன்று வந்தால், அன்று மட்டும் எழுந்து போய்ப் பேசு. அதுதான் நம் வேலை.

இன்னும் ஒன்று. இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து காலையில் ஃபிரிட்ஜில் ஒரு மாம்பழம் எடுத்து வைப்பேன். சாயங்காலம் எழுதியதைப் படித்துப் பார்ப்பேன். மனதுக்குப் பிடிக்காது. நறுக்கி வித்யாவுக்கும் பேத்திக்கும் கொடுத்துவிடுவேன். “என்ன மாமா, டெய்லி எங்களுக்கே குடுத்துடறீங்க? உங்களுக்கு சுகர் ஏதாவது ஏறிடுச்சா?” என்று வித்யா கவலையாகக் கேட்டாள். “மேங்கோ அகெய்ன், தாத்தா?” என்று பேத்தி தட்டைத் தள்ளினாள். ஏன் என்று இதை அடிக்கும்போது வித்யாவுக்குத் தெரியவரும்.

இன்றைக்கு அவர்களுக்கு மாம்பழம் இல்லை. இந்தத் தாளின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கறை என் விரல்தான்.

கேட்டி, டெக்சஸ்.
2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை.